பெறாமகள் இனி பஸ்ஸில போகமாட்டன் எண்டு சொன்ன பிறகு

போன மாசம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி அக்கா கோல் எடுத்து, "இவள் இனி பஸ்ஸில ரியூசனுக்குப் போகமாட்டன் எண்டு நிக்கிறாள், ஏனெண்டு கேட்டா வாய் திறக்கிறாளில்ல, நீ ஒருக்கா வந்து கதைச்சுப் பாரன்" எண்டா. அடுத்த நாள் வேலை முடிஞ்சு நேரா அங்கதான் போனன். பெறாமகள், அதான் அக்காட மகள், அறைக்குள்ள புத்தகத்த விரிச்சு வச்சுக்கொண்டு சும்மா இருந்தா, நான் போய்க் கட்டில்ல இருந்து தலையத் தடவினதும் அழத் தொடங்கிட்டா. அவவுக்கு இப்ப பதினேழு வயசு, ஏ.எல் படிக்கிறா, கெமிஸ்ட்ரி ரியூசன் ரிங்கோ (திருகோணமலை) டவுனுக்குள்ள, அது முடிய ஆறரை ஆகும், பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய் நிலாவெளிப் பக்கம் போற பஸ் எடுத்து வீட்ட வந்து சேர ஏழே கால் ஏழரை. ரெண்டு வருஷமா ஒரு முணுமுணுப்பும் இல்லாமப் போய் வந்த பிள்ளை.

அண்டைக்கு பஸ்ஸில சரியான சனமாம். உப்புவெளி தாண்டினதும் பின்னுக்கு நிண்ட ஒருத்தன் உரசத் தொடங்கியிருக்கான். நெரிசலாக்கும் எண்டு நினைச்சு இவ முன்னுக்குத் தள்ளி நிண்டிருக்கா, அவனும் தள்ளி வந்திருக்கான். தோள்ல கிடந்த பேக்கக் கழட்டி நடுவுல பிடிச்சிருக்கா, அப்பவும் விடல்ல. பக்கத்து சீற்றில இருந்த ரெண்டு பேர் கண்டிருக்கிறாங்க, கண்டுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க. கண்டக்டர் ரெண்டு தரம் காசு எடுக்க அந்தப் பக்கம் வந்தவர், இவட முகத்த வடிவாப் பாத்தவர், "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க, இடம் கிடக்கு" எண்டு சொல்லிட்டுப் போயிட்டார். கடைசியா இவ என்ன செஞ்சிருக்கா எண்டா, எங்கட ஹோல்ட்டுக்கு ரெண்டு ஹோல்ட் முன்னுக்கே இறங்கிட்டா. ஒரு பக்கம் பனங்காணி, மற்றப் பக்கம் மதில், ஒரு லைற் இல்ல, ஃபோன் டோர்ச்ச அடிச்சுக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் தனிய நடந்து வீட்ட வந்திருக்கா.

இதக் கேட்டதில இருந்து எனக்கு ஒரு விஷயம் மனசுக்குள்ள கிடந்து குத்துது. அம்பது பேர் இருக்கிற பஸ்ஸவிட ஆளில்லாத இருட்டு ரோட்டுதான் பயமில்ல எண்டு ஒரு பிள்ளை முடிவெடுத்திருக்கு. அதுவும் ஒரு நிமிஷத்துக்குள்ள.

நான் அவவிட்ட, "அவன் என்ன மாதிரி ஆள், அடையாளம் தெரியுமா" எண்டெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன், அவ சொன்ன பதில் வேற. "சித்தி, அவன் செஞ்சத விட, எல்லாரும் பாத்துக்கொண்டு இருந்ததுதான் என்னால ஏலாம இருக்கு. நாளைக்கும் அதே ஆக்கள்தானே பஸ்ஸில வருவாங்க." இவ்வளவுதான் சொன்னா. பஸ்ஸில பாதுகாப்பு எண்டு கதைக்கிற நேரம் நாங்க கள்ளன், காவாலி, கமெரா, பொலிஸ் எண்டுதான் யோசிக்கிறம், ஆனா ஒரு ஆளுக்கு பஸ் மேல இருக்கிற நம்பிக்கை உடையிறது அந்தக் கெட்டவன் கை வச்ச நேரத்தில இல்ல, அதுக்கு அடுத்த நிமிஷத்தில, சுத்தி இருக்கிறவங்க என்ன செஞ்சாங்க எண்டதிலதான். அந்த அடுத்த நிமிஷத்தப் பத்தித்தான் நான் இண்டைக்கு எழுத நினைக்கிறன்.

இது எங்கட பிள்ளைக்கு மட்டும் நடந்த ஒண்டில்ல எண்டு எல்லாப் பொம்பிளைகளுக்கும் தெரியும். 2015இல ஐ.நா. சனத்தொகை நிதியம் இலங்கை முழுக்க ஒரு ஆய்வு செய்தது, பஸ்ஸிலயும் ரயிலிலயும் போற பெண்கள்ல 90 சதவீதம் பேர் வாழ்க்கையில ஒரு தரமாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருக்கினம் எண்டு அதில வந்தது. பொலிஸிட்ட போனது வெறும் 4 சதவீதம். இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாருங்க. நூறு பொம்பிளைகள் ஒரு பஸ்ஸில ஏறினா தொண்ணூறு பேருக்கு நடந்திருக்கு, அதைக் கொண்டுபோய்ச் சொன்னது நாலு பேர். மிச்ச ஆக்கள் என்ன செஞ்சாங்க? என்ன மாதிரித்தான் செஞ்சிருப்பாங்க. நான் கேம்பஸ் போன காலத்தில பேக்குக்குள்ள எப்பவும் ஒரு சேஃப்டி பின் கிடக்கும், அம்மா தந்து விட்டது, அம்மாவுக்கு அவட அக்கா குடுத்தது. ரெண்டு தலைமுறையா எங்கட பிள்ளைகளுக்குக் குடுத்த பாதுகாப்பு ஒரு பின்! அதையே இவவுக்கும் குடுக்க எனக்கு மனசு வரல்ல.

சட்டம் இல்லாம இல்ல. தண்டனைச் சட்டக் கோவையில 345ஆம் பிரிவு இருக்கு, 1995இல திருத்தினது, பாலியல் தொந்தரவுக்கு அஞ்சு வருஷம் வரைக்கும் மறியல் (சிறை) குடுக்கலாம், பஸ்ஸுக்குள்ள உரசுறதும் அசிங்கமாக் கதைக்கிறதும் அதுக்குள்ளதான் வரும். 119க்கு எடுக்கலாம், பெண்களுக்கான உதவி இலக்கம் 1938 இருக்கு, வேற மாகாணத்துக்கு ஓடுற தனியார் பஸ்ஸெண்டா தேசிய போக்குவரத்து ஆணைக்குழுட 1955 இருக்கு. இதெல்லாத்தையும் ஃபோன்ல சேவ் பண்ணி வைங்க, நானும் வச்சிருக்கன். ஆனா சாம்பல்தீவுப் பாலத்தில ஓடுற பஸ்ஸுக்குள்ள ஒருத்தன் பிள்ளைக்குப் பின்னால நிக்கிற நேரம் அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுறது அஞ்சு வருஷத் தண்டனை இல்ல, பக்கத்தில ஒரு ஆள்.

அந்த ஆள் எப்பிடி இருப்பா எண்டு நான் கண்டிருக்கன். நாலஞ்சு வருஷத்துக்கு முன்ன, பின்னேரம், இறக்கக்கண்டி வரைக்கும் போற பஸ். நான் நடு சீற்றில. முன்னுக்கு ஒரு சின்னப் பெண் யூனிஃபோமோட நிண்டவ, அவவுக்குப் பக்கத்தில ஒரு நடுத்தர வயசு ஆள் வேணுமெண்டு சாய்ஞ்சு சாய்ஞ்சு நிண்டார். எனக்கு விளங்கினது, என்ன செய்யிறது எண்டு நெஞ்சு அடிக்குது, சத்தம் போட்டு அந்தாள் இல்லையெண்டு சொன்னா என்ன செய்யிறது எண்டு யோசிச்சுக்கொண்டே இருக்கிறன். அதுக்குள்ள மூண்டாவது சீற்றில இருந்த ஒரு வயசான உம்மா, மடியில ரெண்டு பெரிய சாமான் பேக்கோட இருந்தவ, "மகள், இஞ்ச வா புள்ள, இந்தப் பேக்கக் கொஞ்சம் புடி, என்ட கை நோவுது" எண்டு கூப்பிட்டா. பிள்ளை ஓடி வந்தா. உம்மா சீற்றில ஒரு ஆள் இருக்கிற அளவுக்குத் தள்ளி இருந்து, அவவ ஜன்னல் பக்கம் இருத்திட்டு, பேக்க அவட மடியில தூக்கி வச்சா. அந்தாளப் பாத்து ஒரு சொல் சொல்லல்ல. சும்மா ஒரு பார்வை பாத்தா. அடுத்த ஹோல்ட்டில அந்தாள் இறங்கிட்டார். கை நோ ஒண்டும் இல்ல எண்டு எனக்கு உறுதியாத் தெரியும், ஏனெண்டா தான் இறங்கிற நேரம் அந்த ரெண்டு பேக்கையும் ஒரே கையில தூக்கிக்கொண்டு இறங்கினா.

அதுக்குப் பிறகு நானும் இப்பிடி மூண்டு தரம் செஞ்சிருக்கன். "தங்கச்சி, நீங்க அவட மகள்தானே, அம்மா சுகமா?" எண்டு தெரியாத பிள்ளைட்ட கேட்டு பக்கத்தில கூப்பிட்டிருக்கன். சண்டை பிடிக்கத் தேவையில்ல, ஆர் சரி ஆர் பிழை எண்டு பஸ்ஸுக்குள்ள வழக்குப் பேசத் தேவையில்ல. அந்தப் பிள்ளைய அந்த இடத்தில இருந்து எடுத்து விட்டாக் காணும். ஆம்பிளைகளுக்கும் இது ஏலும். "தங்கச்சி, இந்த சீற்றில இருங்க, நான் எழும்புறன்" எண்டு ஒரு அண்ணா சொன்னாலே காணும், அந்த இடம் மாறிடும்.

ஆனா எல்லாத்தையும் பயணிகள் தலையில கட்டவும் ஏலாது. பஸ்ஸுக்குள்ள ஒரு பொறுப்பான ஆள் ஏற்கெனவே இருக்கிறார், அவர்தான் கண்டக்டர். எங்கட ஒழுங்கையில ஒரு மாமா இருக்கிறார், சீ.ரீ.பில (அரசாங்க பஸ்ஸில) இருபத்தெட்டு வருஷம் கண்டக்டரா இருந்து பென்சன் எடுத்தவர். பெறாமகள்ட கதைய அவரிட்டச் சொன்னன் (பேர் சொல்லாம, ஆனா அவருக்கு விளங்கியிருக்கும்). அவர் கன நேரம் ஒண்டும் கதைக்கல்ல. பிறகு சொன்னார், "பிள்ள, கண்டக்டர் அப்பிடி ஒண்டக் கண்டா செய்யிறதுக்கு நாலு விஷயம் இருக்கு. உள் லைற்றப் போடச் சொல்லலாம். அந்தாளிட்டப் போய் 'டிக்கெட்டக் காட்டுங்க, எங்க இறங்கிறீங்க' எண்டு சத்தமாக் கேக்கலாம். பிள்ளைய முன்னுக்கு ட்றைவர் பக்கத்து சீற்றுக்குக் கொண்டு போகலாம். அதுக்கும் மிஞ்சினா ஒரு மணி அடிச்சு பஸ்ஸ நிப்பாட்டலாம். நான் ஒருக்கா பஸ்ஸோட பொலிஸுக்குக் கொண்டு போயிருக்கன், பயணிகள் ஏசினாங்க நேரம் போகுதெண்டு, ஏசட்டும்."

உள் லைற் விஷயம் எனக்கு புதுசா இருந்தது, அதால கேட்டன், ஏன் ராத்திரியில ட்றைவர்மார் உள் லைற்ற நிப்பாட்டுறாங்க எண்டு. காசு மிச்சம் பிடிக்கவாக்கும் எண்டு நான் நினைச்சிருந்தன். அவர் சொன்ன காரணம் நியாயமானது, உள்ளுக்க லைற் எரிஞ்சா அது முன் கண்ணாடியில விழும், ட்றைவருக்கு ரோட்டு தெரியாது, மாடு படுத்திருந்தாலும் தெரியாது. அதுக்கு என்ன செய்யலாம் எண்டா, ட்றைவருக்குப் பின்னால முதலாவது லைற்ற மட்டும் நிப்பாட்டிட்டு நடுவிலயும் பின்னுக்கும் எரிய விடலாம், ட்றைவருக்குப் பின்னால ஒரு சீலையக் கட்டினா இன்னும் நல்லம். பழைய பஸ்களில அப்பிடித்தான் செஞ்சாங்களாம். ஒரு சுவிச்சும் ஒரு துண்டுச் சீலையும், இதுக்கு அமைச்சரவைப் பத்திரம் ஒண்டும் தேவையில்ல.

அவர் சொன்ன இன்னொண்டு, மணி. ஒரு மணி எண்டா நில், ரெண்டு மணி எண்டா போ. "இறங்கிற ஆள்ட ரெண்டு காலும் நிலத்தில படுறதக் கண்ணால கண்ட பிறகுதான் நான் ரெண்டு மணி அடிப்பன், ஒரு காலத்தில எல்லாரும் அப்பிடித்தான்" எண்டார். இத நான் எழுதுற நேரம் என்ட அம்மாட முழங்கால்தான் ஞாபகம் வருது. ரெண்டு வருஷத்துக்கு முன்ன, கோயிலுக்குப் போட்டு வாற நேரம், பஸ் முழுசா நிக்க முன்னமே "கெதியா இறங்குங்க அம்மா, கெதியா" எண்டு அவசரப்படுத்தி, ஒரு கால் மிதிபலகையில ஒரு கால் காத்தில இருக்கிற நேரம் ரெண்டு மணி அடிச்சாச்சு. அம்மா குப்புற விழுந்தா. கையில இருந்த திருநீற்றுச் சரையும் அருச்சனைத் தட்டும் ரோட்டில. பஸ் நிக்கல்ல. முழங்கால்ல ஏழு தையல், அதுக்குப் பிறகு அம்மா தனிய பஸ் ஏறினதே இல்ல. முன்னெல்லாம் மாசத்தில ரெண்டு தரமாவது தனியப் போய் கோணேசரக் கும்பிட்டு வாறவ, இப்ப நான் லீவு எடுத்துக் கூட்டிக்கொண்டு போனாத்தான். ஒரு பெறாமகளும் ஒரு அம்மாவும், ரெண்டு பேரும் பஸ்ஸ விட்டதுக்குக் காரணம் வேற வேற மாதிரித் தெரியும், ஆனா ரெண்டும் ஒண்டுதான், உள்ளுக்க இருக்கிற ஆள ஒரு ஆளாப் பாக்கல்ல.

ஏன் இப்பிடி நடக்குது எண்டு பாத்தா கண்டக்டர் ட்றைவர் மாரையும் முழுசாக் குறை சொல்ல ஏலாது. 1958இல பஸ் எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்தது, பிறகு 1979இல திரும்பத் தனியாருக்கு விட்டது, அப்ப வந்த முறைதான் இண்டைக்கும் கனக்க இடத்தில ஓடுது. ஒரு நாளைக்கு இவ்வளவு எண்டு முதலாளிக்குக் கட்டோணும், டீசல் அடிக்கோணும், மிச்சத்திலதான் ட்றைவருக்கும் கண்டக்டருக்கும் கூலி. அப்ப என்ன நடக்கும்? ஹோல்ட்டில சனம் சேருமட்டும் இழுத்து இழுத்து நிக்கிறது, பின்னால அடுத்த பஸ் வாறதக் கண்ட உடன பறக்கிறது. டைம் கீப்பர் நேரம் குறிச்சா அந்த நேரத்தப் பிடிக்க இன்னும் வேகம். ஒரு கிழவி இறங்கிறதுக்கு எடுக்கிற இருபது செக்கன் அவங்கட கணக்கில நட்டம். சம்பளம் எண்டு ஒண்ட நிலையாக் குடுத்து, கலெக்‌ஷன அதில இருந்து பிரிச்சு விட்டா இந்த ஓட்டப்போட்டில பாதி குறையும் எண்டு மாமாவும் சொன்னார், எனக்கும் அதுதான் சரியாப் படுது. 2025 மே மாசம் கொத்மலையில கரண்டியெல்லவில பஸ் பள்ளத்தில விழுந்து இருபதுக்கு மேற்பட்ட ஆக்கள் செத்த நேரம் நாடு முழுக்க ஒரு கிழமை பஸ்ஸப் பத்தித்தான் கதை. பிறகு அடங்கிட்டுது. நாங்க பெரிய விபத்துக்குத்தான் விழிக்கிறம், ஒவ்வொரு நாளும் ஹோல்ட்டில நடக்கிற சின்ன விழுகைகள ஆரும் எண்ணுறதில்ல.

திருகோணமலையில இருந்துகொண்டு இதப் பத்தி எழுதி கிண்ணியாவில குறிஞ்சாக்கேணியில நடந்ததச் சொல்லாம விட ஏலாது. 2021 நவம்பர் 23, காலைல, பாலம் கட்டுற வேலை நடந்ததால சனம் மிதப்புப் பாதையில (ஆக்களை ஏத்தி இறக்கிற மிதவையில) கடந்துகொண்டிருந்த இடம், பாதை கவிண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட அண்டைக்கே ஆறு பேர் போனாங்க. கிண்ணியாவில என்னோட வேலை செய்யிற ஒரு தோழி இருக்கிறா, அவ அதுக்குப் பிறகு ஒரு வருஷம் தன்ட மகனப் பள்ளிக்கு விடுற நேரம் யூனிஃபோமோட ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சிட்டுத்தான் விட்டவ. ஏனெண்டு நான் கேக்கல்ல, அவவும் சொல்லல்ல. 2009இல 396 மீற்றர் நீளமா கிண்ணியாப் பாலம் திறந்த நேரம் அந்தச் சனம் எவ்வளவு சந்தோசப்பட்டது எண்டு எனக்கு ஞாபகம் இருக்கு, கடல் கடக்கிற பயம் இனி இல்லையெண்டு. பொதுப் போக்குவரத்து எண்டது கடைசில இதுதான், பெத்த பிள்ளைய முன்பின் தெரியாத ஆள்ட கையில குடுத்து அனுப்புறம்.

சரி, என்ன செய்யலாம் எண்டு தேடி வாசிச்சன். கனடாவில ரொறொன்ரோ நகரத்தில 1989இலயே பெண்கள் அமைப்பொண்டு ஒரு முறையக் கொண்டு வந்திருக்கு, ஒரு பட்டியலக் கையில வச்சுக்கொண்டு இருட்டின பிறகு பெண்களே கூட்டமா நடந்து போய், எங்க லைற் இல்ல, எங்க மறைவு, கத்தினா ஆருக்காவது கேக்குமா, ஓடுறதுக்கு வழி இருக்கா எண்டு குறிச்சு எடுத்து நகரசபையிட்டக் குடுக்கிறது. அதே நகரத்தில 1991இல இருந்து ராத்திரி ஒன்பதுக்கும் விடிய அஞ்சுக்கும் இடையில தனியப் போற பெண்கள் கேட்டா ரெண்டு ஹோல்ட்டுக்கு நடுவிலயும் பஸ்ஸ நிப்பாட்டி இறக்கி விடுவாங்க. 2011இல அத எல்லாப் பயணிகளுக்கும் ஆக்கிட்டாங்க. காசு செலவில்லாத திட்டம், ட்றைவர் பிரேக் போடோணும் அவ்வளவுதான். இத வாசிச்ச நேரம் எனக்கு உடன பெறாமகள் நடந்த அந்த ஒன்றரை கிலோமீட்டர்தான் வந்தது.

அதால நாங்களும் நடந்தம். போன வியாழன், என்னோட சேத்து ஏழு பேர், ஆஸ்பத்திரியில வேலை செய்யிற ரெண்டு பேர், ஒரு ரீச்சர், ஒரு புடவைக்கடையில நிக்கிற தங்கச்சி, அக்கா, கிண்ணியாத் தோழி, நான். ஆறே முக்காலுக்கு பஸ் ஸ்டாண்டில தொடங்கினம். ஒரு மான் குப்பைக்குள்ள பொலித்தீன் பேக்க இழுத்துக்கொண்டு நிண்டது, அதத் துரத்திட்டு கொப்பியத் திறந்தம். முதல் கவனிச்சது பொம்பிளைகள் எங்க நிக்கிறாங்க எண்டு. பஸ் நிக்கிற இடத்தில இல்ல! தேத்தண்ணிக் கடை வாசல்ல, பழக்கடைக்கு முன்னால, எங்க பல்ப் எரியுதோ எங்க கடைக்காரர் பாத்துக்கொண்டிருக்கிறாரோ அங்க. பஸ் வந்ததும் அவ்விடத்தில இருந்து ஓடி வந்து ஏறுறாங்க, கடைசியா ஏறுறதால சீற் இல்ல, நிண்டுகொண்டு போறாங்க, நிண்டாத்தான் தொந்தரவு. இந்தச் சங்கிலிய நான் அண்டைக்குத்தான் விளங்கினன். பஸ் வரிசைக்கு மேல ஒரு நல்ல லைற் இருந்தா அந்தப் பிள்ளைகள் அங்கேயே நிண்டு முதல்ல ஏறி சீற் பிடிச்சிருப்பாங்க.

அடுத்தது போர்ட். இருட்டில எந்த பஸ் எங்க போகுதெண்டு தெரியாது, குச்சவெளியா, புல்மோட்டையா, நிலாவெளியோட நிக்கிறதா, ஒவ்வொரு பஸ்ஸா ஓடி ஓடிக் கேக்கோணும், அதில ஒண்டில சிங்களத்தில மட்டும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, வாசிக்கத் தெரியாத ஆள் என்ன செய்யும்? முறைப்பாட்டு இலக்கம் எழுதின பலகை ஒண்டு கண்டம், அதுக்கு மேல கணித ரியூசன் போஸ்டர். புடவைக்கடைத் தங்கச்சி நகத்தால சுரண்டிச் சுரண்டி அந்த இலக்கத்த வெளிய எடுத்தா. பெண்கள் கழிப்பறைக்குப் போற வழியப் பத்தி நான் எழுதல்ல, ரெண்டு பேர் சேர்ந்துதான் போனம் எண்டா விளங்கும்தானே. பிறகு பஸ் ஏறி எங்கட ரோட்டில ஹோல்ட் ஹோல்ட்டா எண்ணினம், பதினொரு ஹோல்ட்டில நாலில மட்டும்தான் ஆள்ட முகம் தெரியிற அளவுக்கு வெளிச்சம். மிச்ச இடத்தில ட்றைவருக்கு நாங்க நிக்கிறது தெரியாது, அதாலயும் கனதரம் பஸ் நிக்காமப் போகுது, நாங்க என்னவோ வேணுமெண்டு நிப்பாட்டாமப் போறாங்க எண்டு ஏசுறம்.

ரீச்சர் எல்லாத்தையும் ரெண்டு மொழியிலயும் ஒரு கடிதமா வடிவா எழுதித் தந்தா. கேட்டது பெரிசா ஒண்டுமில்ல. ஸ்டாண்டில வரிசைக்கு மேல லைற். இருட்டான ஏழு ஹோல்ட்டிலயும் ஒவ்வொரு லைற், சோலார் எண்டாலும் பரவாயில்ல. இருட்டின பிறகு தனியப் போற பொம்பிளையோ வயசானவரோ கேட்டா வீட்டு ஒழுங்கை வாசல்ல இறக்கி விடுறது. நடு லைற் எரியிறது. பஸ் நம்பரும் முறைப்பாட்டு இலக்கமும் உள்ளுக்க, சீற்றில இருந்து வாசிக்கக்கூடிய மாதிரி, மூண்டு மொழியிலயும். கண்டக்டர்மாருக்கு மாமா சொன்ன அந்த நாலு விஷயத்தையும் ஒரு நாள் கூப்பிட்டுச் சொல்லிக் குடுக்கிறது, மாமா தானே வந்து சொல்லித் தாறன் எண்டு சொல்லியிருக்கிறார். சிசு செரிய பஸ் 2005இல இருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓடுது, நல்ல விஷயம், ஆனா அது பள்ளி நேரத்துக்குத்தான், ஏ.எல் பிள்ளைகள்ட நாள் முடியிறது பின்னேரம் ஆறரைக்கு, அதுக்கும் ஒண்டு வேணும் எண்டு கடைசி வரியில சேத்தம்.

கடிதத்தக் குடுக்க வேண்டிய இடங்களுக்குக் குடுத்தாச்சு, கையெழுத்து வாங்கின கொப்பி என்னட்ட இருக்கு. பதில் வரட்டும். வராட்டி திரும்பப் போவம்.

அதுக்குள்ள ஒரு விஷயம் நடந்தது. எங்கட ரோட்டில ஏழு மணிக்கு ஓடுற ஒரு பஸ்ஸில கண்டக்டர் ஒரு பொடியன், இருபத்தஞ்சு வயசு வராது. நாங்க கொப்பியோட எண்ணுறதக் கண்டுட்டு என்ன அக்கா எழுதுறீங்க எண்டு கேட்டவன். சொன்னன். ஒளிக்காம எல்லாத்தையும் சொன்னன், இப்பிடி ஒரு பிள்ளைக்கு நடந்தது எண்டும் சொன்னன். அவன் மிச்சக்காச எண்ணுறத நிப்பாட்டிட்டு, "என்ட தங்கச்சியும் ரியூசன் போறவ அக்கா" எண்டான். போய் ட்றைவரிட்ட ஏதோ கதைச்சான். நடு லைற் எரிஞ்சது. எங்கட ஒழுங்கைக்கு முன்னால, ஹோல்ட்டுக்கு இருநூறு மீற்றர் இங்கால, கடை வெளிச்சம் விழுற இடத்தில பஸ் முழுசா நிண்டது. ஏழு பேரும் இறங்கினம். கடைசியா அக்கா ரெண்டு காலையும் நிலத்தில வைக்குமட்டும் அவன் வாசல் கம்பியப் பிடிச்சுக்கொண்டு கீழ பாத்துக்கொண்டே நிண்டான். பிறகுதான் ரெண்டு மணி.

பெறாமகள் இந்தச் செவ்வாய் திரும்ப ரியூசனுக்குப் போனா, அந்த ஏழு மணி பஸ்ஸிலதான் வந்தா, ரெண்டு தோழிமாரும் கூட. ஏறின உடன கோல் எடுத்தா, இறங்கினதும் எடுத்தா. இன்னும் பயம் போகல்ல, முன்னுக்கு ட்றைவருக்குப் பின்னால உள்ள சீற் கிடைச்சாத்தான் ஏறுவாவாம், இல்லாட்டி அடுத்த பஸ்ஸுக்கு நிப்பாவாம். நிக்கட்டும். அம்மாவக் கூட்டிக்கொண்டு போகத்தான் இன்னும் மனசு வரல்ல, அவட முழங்கால் மிதிபலகை உயரத்துக்கு மடங்குதில்ல.

அடுத்த நடை வாற வியாழன், இந்த முறை அனுராதபுரச் சந்தியில இருந்து சீனக்குடாப் பக்கம். ஆறே முக்காலுக்குச் சந்தியில நிப்பம். ஆம்பிளைகளும் வரலாம், வந்தா எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி நடந்து வாங்க, அப்பத்தான் உண்மையா எப்பிடி இருக்கெண்டு தெரியும். டோர்ச் கொண்டு வாங்க, கொப்பியும் பேனையும் என்னட்ட இருக்கு.